ஒரு வேலிக்கு இரண்டு கோடு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

நில அளவைத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதனை எழுதுகிறேன். நான் யாழ்ப்பாணத்தில் ஓர் அளவையாளரின் அலுவலகத்தில் சங்கிலி பிடிக்கும் ஆளாகச் சேர்ந்து, பின்னர் படவரைஞனாகி, அந்த வேலையிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவன். கல்லூரி வாசலை நான் மிதிக்கவில்லை. பழைய காணி உறுதிப் பத்திரங்களைப் படியெடுத்துப் படியெடுத்தே எழுதப் பழகினேன். ஆகையால் இதில் உறுதிகளின் நடை ஆங்காங்கே தலைகாட்டினால் பொறுத்துக்கொள்வீர்களாக.

கருவிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. எங்கள் காலத்தில் இரும்புச் சங்கிலியை இழுத்துக்கொண்டு தோட்டந் தோட்டமாக நடந்தோம்; உங்கள் காலத்தில் ஆகாயமே இடத்தைச் சொல்லிவிடுகிறது. ஆனால் எந்தக் கருவியையும் கொண்டு போக முடியாத ஒரு காணியை வரைந்து கொடுக்கவேண்டிய நிலை எனக்கு ஒருமுறை ஏற்பட்டது. அதனையே சொல்ல விரும்புகிறேன்.

தொண்ணூறாம் ஆண்டில் போர் காரணமாக வலிகாமத்தின் வடகரை ஊர்களிலிருந்து சனங்கள் எழும்பி வந்தார்கள். வந்தவர்களில் ஒரே ஒழுங்கையில், அதாவது ஒரே சிறு தெருவில், குடியிருந்த குடும்பங்களுக்கு இணுவிலுக்கு அண்மையில் ஒரு வெறுங்காணி கிடைத்தது. அதன் உரிமையாளர், கோயிற் பெரியவர்கள் கேட்டதற்கிணங்கி, மனம் ஒப்பியே கொடுத்திருந்தார். குடில்கள் போடுமுன் காணியைப் பிரித்துக் கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. எனக்குத் தொழில் காட்டிய அளவையாளர் அதற்கு முன்னரே பிள்ளைகளிடம் வெளிநாடு போய்விட்டார். ஆகவே என்னை அழைத்தார்கள்.

நான் போய், கயிறு பிடித்து, நடுவே நேரான ஒரு பாதை விட்டு, இரு புறமும் சம அளவான துண்டுகளாக முளை அடித்துக் கொடுத்தேன். தண்ணீர்த் தாங்கி பூட்டிய உழவு இயந்திரம் ஒரு முனையால் வந்து மறு முனையால் போகலாம். பார்ப்பதற்குப் பள்ளிக்கூடக் கொப்பியின் கோடுகள் போல இருந்தது. திருப்தியோடு வீடு திரும்பினேன்.

அடுத்த கிழமை போனபோது என் முளைகளில் ஒன்றுகூட அடித்த இடத்தில் இல்லை. நேரான பாதை இருந்த இடத்தில், பாதி வழியில் கிழக்கே திரும்பிப் பின்னர் தெற்கே இறங்கும் ஓர் ஒழுங்கை இருந்தது. முடக்கில் ஒரு மரமோ பள்ளமோ இல்லை. வெறுந்தரையைச் சுற்றிக்கொண்டு வளைந்து போயிற்று. சில குடில்கள் பெரிய துண்டிலும் சில சிறிய துண்டிலும் நின்றன. ஒரு குடிலின் வாசல் பாதைக்கு முதுகு காட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆர் இந்த முளையளைப் பிடுங்கினது?" என்று கேட்டேன்.

கூரைக்குக் கிடுகு பின்னிக்கொண்டிருந்த பெண்ணொருத்தி தலை நிமிர்ந்தார். பூமணி என்பது அவர் பெயர். கணவனை இழந்தவர், திலகா என்று ஒரே மகள்.

"நாங்கள்தான் ஐயா. ஒழுங்கை நேராப் போனால் நாங்கள் எப்பிடி வீட்டை போறது?"

"ஏன், நேர்ப் பாதையிலை நடக்கத் தெரியாதோ?"

"நடக்கலாம். ஆனா முடக்கு வராமல் என்ரை படலை எப்பிடி வரும்? எங்கடை ஊரிலை முடக்குத் திரும்பினவுடனை என்ரை வீடு. அதுக்குக் கிழக்காலை…" அவர் முகம் கடுத்தது. "அதுக்குக் கிழக்காலை உந்த மனுசன்."

'உந்த மனுசன்' கதிரேசர் என்பவர். சீமெந்து ஆலையில் வேலை பார்த்து இளைப்பாறியவர். ஊரில் அவருடைய வீட்டுக்குச் சங்கடப்படலை இருந்ததாம். வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கி நிற்கத்தக்கதாகக் கூரை போட்ட வாசல். இங்கும் அதனைப் பனங்கம்பாலும் கிடுகாலும் கட்டியிருந்தார். படுக்கும் குடிலுக்குள் குனிந்துதான் போகவேண்டும். படலைக்குள் நிமிர்ந்து போகலாம்.

"குடிலைவிடப் படலை பெரிசாய்க் கிடக்கு, கதிரேசர்," என்றேன்.

"குடில் எனக்கு. படலை வாற போற சனத்துக்கு," என்றார். "எதைப் பெரிசாய்க் கட்டவேணும், நீங்களே சொல்லுங்கோ."

அதன் பின்னர் ஒழுங்கையை முனையிலிருந்து முனைவரை மெதுவாக நடந்து பார்த்தேன். பாதைக்கு முதுகு காட்டிய குடில் ஊரிலும் அப்படித்தான் நின்றதாம். முடக்கிலுள்ள வெறுந்தரையின் இடத்தில் ஊரில் பங்குக் கிணறு ஒன்று இருந்ததாம், அதாவது பூமணியம்மாவுக்கும் கதிரேசருக்கும் பொதுவான கிணறு. இங்கே கிணறு இல்லை. ஆயினும் அந்த இடத்தில் ஒருவரும் குடில் போடவில்லை. மாலையில் பெண்கள் வாளிகளை வைத்துக்கொண்டு அந்த வெறுந்தரையைச் சுற்றி நின்று கதைத்தார்கள். தண்ணீர்த் தாங்கியும் அங்கேயே வந்து நின்றது.

நான் மீண்டும் முளை அடிக்கவில்லை. உழவு இயந்திரம் திரும்பத்தக்கதாக முடக்கை அகலமாக்கச் சொன்னேன், நேராக்கச் சொல்லவில்லை. அவர்களும் உடனே இணங்கினார்கள். முடக்கின் அகலத்தைப் பற்றி அவர்களுக்குக் கவலை இருக்கவில்லை. அது இருந்தாற் போதும்.

அவர்கள் கொண்டுவந்தவற்றில் ஒரு வேலிச் சண்டையும் இருந்தது. பூமணியம்மாவின் வீட்டு வளவுக்கும் கதிரேசரின் வளவுக்கும் இடையே உள்ள வேலி எங்கே நிற்கவேண்டும் என்பது பற்றி ஊரில் பல்லாண்டாக வழக்கு நடந்ததாம். பிரச்சினை ஒரு முழ அகலம். இங்கே அந்தக் காணி இருவருக்கும் சொந்தமில்லை. விலைக்கோ குத்தகைக்கோ எடுத்ததுமில்லை. ஆயினும் காலையில் பூமணியம்மா வேலிக் கம்பான கதியால் ஒன்றை நட்டால் மாலையில் கதிரேசர் அதனைப் பிடுங்கி ஒரு முழம் தள்ளி நடுவார். அந்த நேரங்களில் ஒழுங்கையில் பேசப்பட்ட சொற்களை நான் இங்கே எழுதப்போவதில்லை.

நான் அறிந்த நியாயப்படி இருவரையும் பிரித்துவைத்தேன். கதிரேசரை ஒழுங்கையின் தெற்கு முனைக்கு மாற்றி, அங்கிருந்த அமைதியான ஒரு குடும்பத்தைப் பூமணியம்மாவுக்குப் பக்கத்தில் குடியேற்றினோம். சண்டை நின்றது. எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள்.

சில நாள்களில் கதிரேசர் என் வீட்டுக்குச் சைக்கிளில் வந்தார்.

"ஐயா, என்னைப் பழையபடி போடுங்கோ."

"ஏன், அங்கை என்ன குறை?"

"குறை ஒண்டுமில்லை. இப்ப எனக்குப் பக்கத்திலை இருக்கிறவர் தங்கமான மனுசன். கதியாலைப் பிடுங்கினாலும் சிரிக்கிறார். உப்பிடியான ஆளோடை என்னண்டு சீவிக்கிறது?"

அவர் போன மறுநாள் பூமணியம்மா வந்தார். கதிரேசர் வந்து போனது அவருக்குத் தெரியாது.

"எனக்கு அவரிலை பட்சமெண்டு நினைக்காதேங்கோ ஐயா," என்று தொடங்கினார். "என்ரை உறுதியிலை கிழக்கெல்லை எண்டு அவரின்ரை பேர்தான் எழுதியிருக்கு. காலமை எழும்பிக் கிழக்காலை பாத்தால் அந்தாளின்ரை மூஞ்சை தெரியவேணும். அப்பதான் நான் எங்கை நிக்கிறன் எண்டு எனக்குத் தெரியும். இப்ப எனக்குக் கிழக்கை இல்லாமல் போச்சு."

கதிரேசர் திரும்பவும் அழைக்கப்பட்டார். முதலில் சங்கடப்படலையைத்தான் தூக்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். குடில் மறுநாள் வந்தது.

இனி, நான் சொல்ல வந்த காரியம். திலகாவுக்கு வட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. பையனுக்கும் பெண்ணுக்கும் முழு விருப்பம். பையனின் தகப்பனார் இளைப்பாறிய தபாலதிபர். நேர்மையானவர், ஆனால் எதனையும் கண்ணால் பார்த்தே நம்பும் பழக்கமுடையவர். பூமணியம்மா மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க இருந்தது ஊரில் அவர்கள் குடியிருந்த நாவலடி வளவு ஒன்றே. உறுதியோ அவசரத்தில் வீட்டிலேயே விடுபட்டுப் போயிற்று. காணியைப் போய்ப் பார்க்கவும் வழியில்லை.

தபாலதிபர் சொல்லியனுப்பினார்: காணியைக் காட்ட முடியாவிட்டால் அதன் படத்தையாவது காட்டுங்கள், நாலெல்லையும் தெளிவாக இருக்கவேண்டும், அயற்காணிக்காரர் அதன் கீழே கையொப்பமிட வேண்டும். இல்லாவிட்டால் பேச்சை இத்துடன் நிறுத்திக்கொள்வோம்.

வடக்கே ஒழுங்கை, அதற்குக் கையொப்பம் தேவையில்லை. மேற்கிலும் தெற்கிலும் இருந்தவர்கள் இசைந்தார்கள். கிழக்கே கதிரேசர்.

"நீங்கள் போய்க் கேளுங்கோ ஐயா," என்றார் பூமணியம்மா. "நான் அந்தப் படலை மிதிக்க மாட்டன்."

கதிரேசர் பொறுமையாகக் கேட்டார். "பிள்ளை என்ரை கண்ணுக்கு முன்னாலை வளந்தது. பிள்ளையோடை எனக்குக் கோவமில்லை. வேலியைச் சரியான இடத்திலை போடுங்கோ, கையெழுத்து வைக்கிறன்."

தபாலதிபர் வருவதாகச் சொன்ன நாளின் முற்பகலில் முடக்கிலே ஒரு மேசையைப் போட்டு வரைதாளை விரித்தேன். பூமணியம்மா தம் படலையிலும் கதிரேசர் தம் படலையிலும் நின்றார்கள். சனம் கூடிவிட்டது. தண்ணீர் கொண்டுவந்த சாரதி, மேசை வழியை மறித்ததால், இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்து நல்ல இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்.

"கிணத்தடியிலை இருந்து தொடங்குங்கோ," என்றார் பூமணியம்மா. "தண்ணி அள்ளுற துலாவுக்கு நேரைதான் வேலி."

"துலாவுக்கு நேரையோ!" கதிரேசர் கூட்டத்தைப் பார்த்தார். "துலாக்கால் என்ரை பக்கமாச் சாஞ்சு நிக்குது. சாஞ்ச காலிலை நேர் பிடிக்கிற ஆளைப் பாருங்கோ."

"அது சாஞ்சதோ? நீங்கள் மாட்டைக் கட்டிச் சாய்ச்சது!"

"ஓமோம். துலாவைச் சாய்ச்சதும் நான்தான். மூலைப் பனையைக் கையிலை பிடிச்சு நடத்திக்கொண்டு போனதும் நான்தான்."

"பனை நடக்கேல்லை. பனைக்கு அங்காலை நிண்ட கதியால்தான் நடந்தது."

"பனை எங்கை நிக்குது? அதைச் சொல்லும்."

"கிணத்துக்குத் தெற்காலை, உங்கடை ஆட்டுக்கொட்டிலுக்கு நேரை."

"அது சரி," என்றார் கதிரேசர், சற்று ஏமாற்றத்துடன்.

நான் பனையை வரைந்தேன். ஆட்டுக்கொட்டிலை வரைந்தேன். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்க, மறுத்ததை இவர் திருத்த, சனம் நடுவில் புகுந்து கிணற்றின் கட்டையும் மேற்கு மூலை நாவலையும் நினைவூட்ட, என் தாளில் ஒரு வளவு வளர்ந்துகொண்டே வந்தது. தூரம் பற்றி ஐயம் வந்தபோது கால்களால் இங்கேயே நடந்து காட்டினார்கள். "உந்தக் குடிலடியிலை இருந்து இவ்வளவு, ஊரிலை இதைப்போலை ரெண்டு மடங்கு" என்று. வழக்கிலே பல முறை சொல்லிச் சொல்லி இருவருக்கும் எல்லாம் மனப்பாடமாக இருந்தது. சமாதானமாக வாழ்ந்த அயலவர்களுக்கு, ஐயா, அம்மணி, தங்கள் எல்லை இவ்வளவு நுணுக்கமாக நினைவில் இருக்கவில்லை என்பதை அன்று கவனித்தேன். மேற்கு அயலவர் நல்ல மனிதர்; ஆனால் தம் வேலியில் நின்றது கிளுவையா பூவரசா என்று மனைவியைக் கேட்டுத்தான் சொன்னார்.

கடைசியில் அந்த ஒரு முழம் மாத்திரம் எஞ்சியது.

"கோட்டை எங்கை போடப்போறியள்?" என்றார் கதிரேசர்.

பூமணியம்மாவின் உறவுப் பெண் ஒருத்தி அவருடைய கையைப் பிடித்தாள். "விடு பூமணி. கலியாணம் முடியட்டும். ஒரு முழந்தானே."

"ஒரு முழமெண்டால் என்ன? பிள்ளையின்ரை சீதனத்திலை இருந்து வெட்டிக் குடுத்துக் கையெழுத்து வாங்க மாட்டன்."

"நானும் பொய்க் கோட்டுக்குக் கையெழுத்து வைக்க மாட்டன்," என்றார் கதிரேசர்.

"நடுவாலை இழுத்துவிடுங்கோ ஐயா," என்று சாரதி என் காதோரம் சொன்னார். "அரை முழம் அவவுக்கு, அரை முழம் அவருக்கு."

அந்த யோசனை என்னைக் கவர்ந்தது என்பதை மறைக்கமாட்டேன். தபாலதிபர் எந்த நேரமும் வரலாம். திலகா படலைக்குப் பின்னால் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவிலே ஒரு கோடு இழுத்து இருவரையும் வற்புறுத்தினால் ஒருவேளை மூன்று கையொப்பமும் கிடைத்திருக்கும். படமும் அழகாக இருந்திருக்கும். ஆனால் துலா இருந்தது, பனை இருந்தது, பூமணியம்மா நட்ட வேலி இருந்தது, கதிரேசர் நட்ட வேலியும் இருந்தது. நடுக்கோடு மாத்திரம் அந்த ஊரில் ஒருநாளும் இருந்ததில்லை. எனக்குத் தொழில் காட்டிய அளவையாளர் என் படங்களைத் திருத்தும்போது திரும்பத் திரும்ப ஒன்றைச் சொல்வார்: "காணியிலை கிடக்கிறதைப் போடும். உம்மடை வசதிக்கு ஒண்டையும் போடாதையும்."

நான் இரண்டு கோடும் போட்டேன். மேற்குக் கோட்டின்மேல் 'கதிரேசர் சொல்லும் வேலி' என்றும், கிழக்குக் கோட்டின்மேல் 'பூமணி சொல்லும் வேலி' என்றும் எழுதினேன். நடுவிலுள்ள கீற்றை வெறுமையாக விட்டேன்.

இருவரும் வந்து குனிந்து பார்த்தார்கள். ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் பொய்யென்று சொல்ல இருவருக்கும் முடியவில்லை. கதிரேசர் பேனாவைத் தொடவுமில்லை.

அந்த வேளையில் தபாலதிபர் வந்து சேர்ந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"இதென்ன, ஒரு வேலிக்கு ரெண்டு கோடு?"

விளக்கினேன். வில்லங்கமுள்ள காணி என்று எழும்பிப் போய்விடுவார் என்றே எண்ணினேன்.

அவர் கதிரேசரைப் பார்த்துக் கேட்டார்: "எப்ப துவங்கின வழக்கு?"

"உவவின்ரை மனுசன் இருக்கேக்கை துவங்கினது. அந்தாள் போய்ச் சேந்திட்டுது. வழக்கு இருக்கு."

தபாலதிபர் குலுங்கிச் சிரித்தார். "வேலி வழக்கில்லாத காணியை நான் யாழ்ப்பாணத்திலை இன்னும் காணேல்லை. எனக்கிருந்த சந்தேகம் வேறை. இடம்பெயந்து வந்த சனம், அங்கை காணி கிடக்கெண்டு சொல்லுது; கிடக்கோ இல்லையோ ஆருக்குத் தெரியும்? இல்லாத காணிக்கு ஒரு முழத்துக்காக உப்பிடி ஒருத்தர் நிண்டு பிடிப்பரோ?" பின்னர் படலைப் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீ சொல்லு. இதிலை எது சரியான கோடு?"

திலகா வெளியே வந்தாள். தாயையும் பார்த்தாள், கதிரேசரையும் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது மாமா. நான் ஊரிலை பள்ளிக்கூடம் போனது அந்த ரெண்டுக்கும் நடுவாலைதான். அதாலை போனால் கெதியாய்ப் போகலாம். அம்மாவும் பேசேல்லை, கதிரேசப்பாவும் மறிக்கேல்லை."

கதிரேசர் தொண்டையைச் செருமினார். மேசைக்கு வந்து பேனாவை எடுத்தார்.

"கையெழுத்து எல்லைக்குத்தான்," என்று பூமணியம்மாவைப் பாராமலே உரத்துச் சொன்னார். "வேலிக்கில்லை."

"விளங்குது," என்றார் பூமணியம்மா. "வடிவாய் வாசிக்கிறமாதிரி வையுங்கோ."

கல்யாணம் அந்த ஒழுங்கையிலேயே நடந்தது. பந்தலுக்கு இடம் போதாதபடியால் இரு வளவுக்கும் இடையிலிருந்த வேலியைக் கதிரேசரே கழற்றினார். மாப்பிள்ளை அழைத்துவரப்பட்டது அவருடைய சங்கடப்படலையால். அந்த ஒழுங்கையில் தலைப்பாகையோடு குனியாமல் நுழையத்தக்க வாசல் அது ஒன்றே. பந்தல் பிரித்த அன்றே வேலி மீண்டும் எழுந்தது. எங்கே எழுந்தது என்பது பற்றி மறுநாட் காலை சண்டை தொடங்கியது. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

தொண்ணூற்றைந்தின் பிற்பகுதியில் வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. நானும் என் குடும்பமும் அவ்வாறே நடந்தோம். அங்கே, குடிதண்ணீர் தேடி ஒரு தென்னந்தோப்புக்குள் போனபோது, சீலைகளாலும் தார்ப்பாய்ப் படங்குகளாலும் கட்டிய கூடாரங்களைக் கண்டேன். அவற்றினூடே ஒற்றையடிப் பாதை ஒன்று போயிற்று. பாதி வழியில் அது காரணமேதுமின்றி வெறுந்தரை ஒன்றைச் சுற்றிக்கொண்டு கிழக்கே திரும்பியது. முடக்கில் நின்று தெற்கே பார்த்தேன். இரண்டு கூடாரங்களுக்கு இடையே தென்னம்மட்டைத் துண்டுகள் வரிசையாக நடப்பட்டிருந்தன. ஒரு வரிசையல்ல, இரண்டு. நடுவில் ஒரு முழம்.

"கதிரேசர்!" என்று கூப்பிட்டேன்.

வலப்பக்கத்துக் கூடாரத்திலிருந்து பூமணியம்மாவின் குரல் வந்தது.

"அவர் தண்ணிக்குப் போட்டார் ஐயா. எனக்கும் சேத்துத்தான் வாளி கொண்டு போனவர். அந்தப் படங்குக்குள்ளை இருங்கோ, அவரின்ரைதான். இப்ப வந்திடுவார்."

ஐயா, அம்மணி, நாவலடி வளவின் மூலப்படம் திலகாவிடம் இருக்கிறது. அதன் பிரதியை இத்துடன் அனுப்புகிறேன். அந்த ஊரை அளக்கும் முறை உங்களுக்கு வரும்போது படத்தில் இரண்டு கோடுகளைக் கண்டு பிழையென்று எண்ணி ஒன்றை அழித்துவிடாதீர்கள். இந்தக் காகிதத்தையும் அந்தப் படத்தோடு சேர்த்து அலுவலகத்தில் வைத்திருக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.